விபிஎன் போட்டால் அரசாங்கம் நம்மைப் பார்க்க முடியாதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டம் கைமாறிவிட்டது, வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, அதைப் பற்றி இளைஞர்கள் சிலர் சேர்ந்து முகநூலில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். மாதம் 15 வெள்ளிக்கு ஒரு விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது. “அரசாங்கத்தால்கூட உங்களைப் பார்க்க முடியாது” என்கிறதாம். வாங்கிப் போட்டால் நிஜமாகவே பாதுகாப்பா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா என்பது கேள்வி. நிதானமாகப் படித்தால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இணையத்தில் எங்கே போகிறோம், என்ன பார்க்கிறோம் என்று அரசாங்கத்துக்குத் தெரியுமா என்பது ஒன்று. எழுதியதற்காக யாராவது வந்து கதவைத் தட்டுவார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விபிஎன் பாதி பதில். இரண்டாவதுக்கு அதனால் ஆகக்கூடியது மிகக் கொஞ்சம். உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதலாவதை விளக்காமல் அங்கே போக முடியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோலாலம்பூரில் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வைஃபை போட்டுக் கொடுக்கிறேன், கைப்பேசியும் பழுது பார்க்கிறேன். ஒரு நிறுவனத்தின் கருவிக்குள் என்ன பதிவாகும், கேட்டால் எதை எடுத்துக் கொடுக்க முடியும் என்பது நான் கைபடப் பழகிய விஷயம். சட்டம் அப்படி இல்லை. நான் வழக்கறிஞர் இல்லை. பிரிவுகளைப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான் சொல்வேன். உளவுப் பிரிவுகளிடம் உள்ளே என்னென்ன கருவி இருக்கிறது என்பது வெளியில் நிற்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

விபிஎன் இல்லாமல் கைப்பேசியில் முகநூலைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டுக் குறியோடு, அதாவது எச்டிடிபிஎஸ் முறையில் வருகின்றன. அதனால் நீங்கள் என்ன எழுதினீர்கள், எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது லைன் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி பெரும்பாலும் திறந்த மேனிக்குத்தான் போகிறது. இணைப்பு தொடங்கும்போதும் தளத்தின் பெயர் ஒருமுறை வெளியே தெரிந்துவிடுகிறது. இதோடு இன்னொரு பதிவும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி எண் வேண்டும்; அதில் பழைய முறையான ஐபிவி4 முகவரிகளுக்குத் தட்டுப்பாடு. அதனால் கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வைக்கின்றன. உங்கள் கைப்பேசிக்குள் பார்த்தால் 100.64 என்றோ 10 என்றோ தொடங்கும் ஒரு உள்முகவரி இருக்கும். வெளியே போகும்போது அது ஒரு பொது முகவரியாகவும், அந்த இணைப்பைப் பிரித்துக் காட்டும் ஒரு போர்ட் எண்ணாகவும் மாறும். அந்த மாற்றத்தைச் செய்யும் கருவி வரி வரியாக எழுதிக்கொண்டே போகும்: தேதி, மணி, நிமிடம், நொடி, உள்முகவரி, பொது முகவரி, போர்ட். பிறகு ஒரு நாள் “இன்ன தேதி இரவு 10:42க்கு இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் இருந்தது யார்” என்று ஒரு கடிதம் வரும். பதிவு இருந்தால் உள்முகவரி கிடைக்கும், அதிலிருந்து சிம் கிடைக்கும். 2006லிருந்து ப்ரீபெய்ட் சிம்மையும் அடையாள அட்டை காட்டித்தான் பதிகிறோம் என்பதால் சிம்மிலிருந்து பெயர் வந்துவிடும். ஒட்டுக்கேட்பது, குறியாக்கத்தை உடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உட்கார்ந்து தேடினால் போதும்.

அந்த அடையாள அட்டையின் பூர்வீகமே நம் ஊர்தான் என்பது ஒரு துணைச் செய்தி. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமானது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் படம் எடுத்து, கைரேகை வாங்கி, அட்டை கொடுத்தது அந்த வருடம் தொடங்கிய வேலை. தோட்டத்து மக்களுக்குக் கண்காணிப்பு என்பது இணையத்தோடு வந்த புதுச் சரக்கு இல்லை.

விபிஎன் என்ன செய்கிறது என்பதற்கு, பழைய தோட்டங்களில் கடிதம் எப்படி வரும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. எல்லாம் ஆபீசுக்கு வரும், அங்கே குமாஸ்தாவாக இருக்கும் கிராணி பிரித்துக் கொடுப்பார். உறையைக் கிழிக்காமலேயே யாருக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, யாருக்குத் தொழிற்சங்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். லைன் நிறுவனம் இருப்பது அந்தக் கிராணியின் நாற்காலியில். விபிஎன் போட்டால் உங்கள் கடிதங்கள் எல்லாம் ஒரே பெரிய உறைக்குள் போய், ஈப்போவில் ஒரு ஏஜெண்ட் பெயருக்குப் போகின்றன. அவர் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் பெயரில் அனுப்பிவைக்கிறார். கிராணிக்கு இனி ஏஜெண்டின் பெயர் மட்டும்தான் தெரியும். கிராணிக்கு முன்பு தெரிந்ததெல்லாம் இப்போது ஏஜெண்டுக்குத் தெரியும்.

இந்த அளவுக்கு அது வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. நம் நாட்டிலேயே பார்த்தாகிவிட்டது. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பண மோசடி விவகாரம் சூடாக இருந்த 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளத்தை முடக்கினார்கள், 2016 ஜனவரியில் மீடியம் தளத்தை. 2018 மே தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தத் தடைகள் விலகின. இடைப்பட்ட காலத்தில் விபிஎன் வைத்திருந்தவர்கள் எந்தச் சிரமமும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. கூகிளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று வெளி டிஎன்எஸ்ஸை எழுதி வைத்துத் தடையைத் தாண்டுகிறவர்கள் நம்மில் நிறைய. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவின் பேரில், அந்தக் கேள்விகளை நிறுவனங்கள் நடுவழியில் பிடித்துத் தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பத் தொடங்கின. நீங்கள் கூகிளைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பதில் சொல்வது உங்கள் லைன் நிறுவனம். சூதாட்டம், ஆபாசம் போன்ற தீங்குகளிலிருந்து மக்களைக் காக்கத்தான் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே, தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் ஆணையத்துக்குச் சொல்லிவிட்டார். விபிஎன் வழியாகப் போன கேள்விகளை இந்தத் திருப்பல் தொடவில்லை, ஏனென்றால் கேள்வியே பெரிய உறைக்குள் இருந்தது. விபிஎன் வைத்திருப்பது மலேசியாவில் குற்றமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு செய்வது குற்றமானால் அது தனி.

ஆக, எல்லாம் அந்த ஏஜெண்ட் யார் என்பதில் வந்து நிற்கிறது. “எந்தப் பதிவும் வைப்பதில்லை” என்று எல்லாரும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். 2016இல் ஐபிவானிஷ் அப்படித்தான் எழுதியிருந்தது. அமெரிக்க அதிகாரிகள் கேட்டபோது ஒரு வாடிக்கையாளரின் பதிவுகளை எடுத்துக் கொடுத்தது பிறகு நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2017இல் பியூர்விபிஎன்னும் அதே வாக்குறுதியோடு இருந்தது. ஒரு பெண்ணை இணையத்தில் துரத்தித் துரத்தித் துன்புறுத்திய ஆளைப் பிடிக்க எஃப்பிஐக்கு உதவியது அதனிடம் இருந்த பதிவுகள்தான். அவன் பிடிபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்ன பதிவு எங்கிருந்து வந்தது? 2020இல் யூஎஃப்ஓ விபிஎன்னும் அதன் வகையறா இலவசச் செயலிகள் சிலவும், பதிவே வைக்காத நிறுவனங்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவை, 1.2 டெராபைட் அளவுக்குப் பயனர் தகவலைக் கடவுச்சொல்கூட இல்லாமல் திறந்து போட்டிருந்தது அம்பலமானது.

மறுபக்கமும் உண்டு. 2016 டிசம்பரில் அங்காராவில் ரஷ்யத் தூதர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் துருக்கி அதிகாரிகள் எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தின் சர்வர் ஒன்றையே தூக்கிக்கொண்டு போனார்கள். வழக்குக்கு உதவுகிற எதுவும் அதில் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது. என் கணக்கில், ஒரு நிறுவனத்தின் பேச்சை நம்பலாமா என்பதற்கு இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் உருப்படியான சாட்சி. தணிக்கை அறிக்கைகளும் உதவும், ஆனால் அவை தணிக்கை நடந்த அன்றைய நிலையைத்தான் காட்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன்னையே 2021இல் கேப் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது; அதன் பழைய பெயர் கிராஸ்ரைடர், கணினிகளில் விளம்பரம் திணிக்கும் மென்பொருள்களோடு அடிபட்ட பெயர். இதனால் சேவை கெட்டுவிட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சொத்து கைமாறினால் பழைய முதலாளி கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலவச விபிஎன்னைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் பையன்கள் கையில் இருப்பதெல்லாம் அதுதான். கேமுக்கு ஒன்று, இந்தியாவில் மட்டும் ஓடும் நிகழ்ச்சிகளுக்கு ஒன்று. அண்மையில் கடைக்கு ஸ்கிரீன் மாற்ற வந்த ஒரு கைப்பேசியில், அந்தப் பையனை வைத்துக்கொண்டே அனுமதிகள் பக்கத்தைத் திறந்து காட்டினேன். விபிஎன் செயலிக்குத் தொடர்புப் பட்டியல், இருப்பிடம், கோப்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. விபிஎன் வேலை செய்ய இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. முதல் தடவை திறக்கும்போது ஆண்ட்ராய்டு கேட்கும் அந்த ஒரு இணைப்புக் கேள்விக்குச் சரி என்று சொன்னால் போதும், மேலே சாவிக் குறி வந்துவிடும். “எல்லாத்துக்கும் அலோவ் கொடுத்தாதான் அண்ணே ஓடுது” என்றான். ஓடத்தான் செய்யும், அவன் அப்பா, அம்மா, முதலாளி எண்ணையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடும். பெரிய நிறுவனம் என்றால் யோக்கியம் என்றும் இல்லை. முகநூல் 2013இல் ஒனாவோ என்ற விபிஎன் நிறுவனத்தை வாங்கி, மக்கள் வேறு என்னென்ன செயலி பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே வேவு பார்த்தது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேற்றப்பட்டது, மறு வருடம் முகநூல் அந்தச் சேவையையே மூடிவிட்டது. இந்திய சர்வரைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இன்னொரு சேதி: 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஏற்காத பல பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துவிட்டன. எடுக்காமல் இருப்பவர்களைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்ட் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, பட்டணத்தில் உட்கார்ந்து எழுதப்படும் விபிஎன் கட்டுரைகளில் அது வராது. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது தேர்வைத் தள்ளிப்போட நினைத்த ஒரு மாணவர். அனுப்பியவர் யார் என்பதை மறைப்பதில் விபிஎன்னைவிட உறுதியான டோர் வலையமைப்பின் வழியாகத்தான் அனுப்பியிருந்தார். யாரும் டோரை உடைக்கவில்லை. மின்னஞ்சல் வந்த நேரத்தையொட்டிப் பல்கலைக்கழக வைஃபையில் டோர் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று பதிவைப் பார்த்தார்கள். பட்டியல் சின்னதாக இருந்தது. போய்க் கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார். உங்கள் தோட்டத்து நிலைமையை இதோடு வைத்துப் பாருங்கள். நாலு டிவிஷனுக்கும் சேர்த்து ஒரே கைப்பேசி கோபுரம். இரவு பத்தரைக்கு முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வருகிறது. அந்த நேரத்தில் அந்தக் கோபுரத்தின் கீழ் விபிஎன்னில் இருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், பெரிய உறை அனுப்பியது யார் என்று லைன் நிறுவனத்துக்குத் தெரியும். கோலாலம்பூரின் பங்சார் மாதிரி நெரிசலான இடத்தில் அதனால் ஒன்றும் தெரியவராது, ஆயிரம் பேர் அனுப்புவார்கள். இங்கே தெரியவரலாம். இப்படி ஒரு சாதாரணப் பதிவுக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா என்பது வேறு கேள்வி, எனக்குச் சந்தேகம்தான். முடியுமா என்று கேட்டால், முடியும்.

விபிஎன்னின் கை எட்டாத இடங்களையும் சொல்ல வேண்டும். கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்ற பதிவு விபிஎன்னுக்குக் கீழே, சிம் அளவில் நடக்கிறது. அதை எந்தச் செயலியாலும் மறைக்க முடியாது. 2025 ஜூனில், கைப்பேசி நிறுவனங்களிடம் ஆணையம் பெருமளவு அழைப்புப் பதிவுகளைக் கேட்டிருக்கிறது என்ற செய்தி வந்து பெரிய பேச்சானது நினைவிருக்கலாம். பெயர் நீக்கிய தகவல்தான், சுற்றுலா மற்றும் கைப்பேசிப் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்துக்குத்தான் என்று ஆணையம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அதில் விபிஎன்னுக்கு வேலையே இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது கைப்பேசியே எதிரியாகும் நிலை. 2013 பொதுத்தேர்தலையொட்டி, வேட்பாளர் பட்டியல் போல மலாய் மொழியில் இருந்த ஒரு கோப்புக்குள் ஃபின்ஸ்பை என்ற உளவு மென்பொருள் ஒளிந்திருந்ததை டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் கண்டுபிடித்தது. அரசாங்கங்களுக்கு விற்கிறோம் என்று சொல்லிக்கொண்ட நிறுவனத்தின் சரக்கு அது. அனுப்பியது யார் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி மென்பொருள் உள்ளே வந்துவிட்டால், உறையில் போடுவதற்கு முன்பே கடிதத்தைப் படித்துவிடும். இது விலையுயர்ந்த வேலை, ஒரு தோட்டத்து முகநூல் பக்கத்துக்காக யாரும் செய்ய மாட்டார்கள் என்பது என் ஊகம். மலிவான வழி வேறு இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 249ஆம் பிரிவு, தேடுதல் நடத்தும் அதிகாரிக்குக் கணினித் தகவலைத் திறந்து பார்க்கும் அதிகாரம் கொடுக்கிறது. கடவுச்சொல்லும் அதில் அடக்கம். கைப்பேசி மேசைமேல் திறந்து கிடக்கும்போது விபிஎன் எந்த நாட்டு சர்வரோடு பேசிக்கொண்டிருந்தால் என்ன? சட்டப்படியான ஒட்டுக்கேட்பும் உண்டு. அதே சட்டத்தின் 252ஆம் பிரிவிலும், 2012இல் வந்த, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் 6ஆம் பிரிவிலும் அதற்குப் பப்ளிக் பிராசிகியூட்டரின் அனுமதி போதும், நீதிபதி வேண்டியதில்லை. நல்ல விபிஎன் ஓடும் லைனை ஒட்டுக்கேட்டால் எந்த விபிஎன் சர்வருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா போனது என்பதுதான் தெரியும். அந்த ஒரு இடத்தில் விபிஎன் வாங்கிய காசுக்கு உழைக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டில் யுனிஃபை இணைய லைன் அப்பா பெயரில் இருக்கிறது, சிம் அம்மா பெயரில் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் முக்கியமான வரி அதுதான். 2012இல் நடைமுறைக்கு வந்த, சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு மூன்று அனுமானங்களை வைக்கிறது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர் என்றோ நிர்வாகி என்றோ யார் பெயர், படம், புனைபெயர் இருக்கிறதோ அவர்தான் வெளியிட்டார். எந்த லைனிலிருந்து வெளியானதோ அந்த லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வெளியிட்டார். எந்தக் கணினியிலிருந்து போனதோ அதைக் கையில் வைத்திருப்பவர்தான் வெளியிட்டார். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். நீங்கள் எழுதியதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர், கைப்பேசியில் அழைப்பை எடுக்க மட்டும் தெரிந்த உங்கள் அப்பாவாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைன் பாடத்துக்காக உங்கள் வைஃபையில் சேர்ந்திருந்தால் அவர்கள் செய்வதும் அதே கணக்கில்தான் வரும். விபிஎன் போட்டால் முகநூலுக்கு உங்கள் லைனின் முகவரி தெரியாமல் போகும், அதனால் இரண்டாவது அனுமானம் தொடங்குவதே கடினமாகும். உண்மைதான். ஆனால் ஒரே ஒருமுறை விபிஎன் இல்லாமல் உள்ளே நுழைந்தால் அந்த முகவரி அங்கே பதிவாகிவிடும். பக்கத்தின் நிர்வாகக் கணக்கு அம்மாவின் எண்ணில் பதிந்திருந்தால் முகவரி தேவைப்படவே தேவைப்படாது. எழுத்துக்கான சட்டம் அதே தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதில் உச்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி, சிறை 2 வருடம் வரை. முன்பு 50 ஆயிரமும் ஒரு வருடமும்.

விசாரணை எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தால் இன்னும் தெளிவாகும். நான் அறிந்தவரை, நம் பக்கத்து விவகாரங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுப்பதில்தான் தொடங்குகின்றன. அந்த யாரோ ஒருவர் உங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பார். பங்காளிச் சண்டைக்காரராக இருக்கலாம், கோயில் கமிட்டியில் தோற்றவராக இருக்கலாம், தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரின் மைத்துனராக இருக்கலாம். புலனத்தில் 2016லிருந்து முழு வழிக் குறியாக்கம் இருக்கிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது. குழுவில் இருக்கும் 80 பேரும் படிக்கலாம் அல்லவா? யார் எழுதியது என்று ஊரில் விசாரித்தால், நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள். போட்ட படத்தில் பின்னால் உங்கள் வீட்டு வேலி தெரியும். பால்மரக் காலத்திலிருந்து ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் பெயரில்லாமல் எழுதுவது என்பதே பாதி கற்பனை.

சந்தேகத்துக்குரிய சிலவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் என்எஸ்ஏ மாதிரி உலகளவில் கேபிள்களைக் கேட்கும் அமைப்புகள், விபிஎன்னுக்குள் போவதையும் வெளியே வருவதையும் ஒப்பிட்டு ஆளைக் கணிக்கலாம் என்பது கோட்பாட்டளவில் சரி. அங்கே ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென் 2013இல் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அதை யாரும் கற்பனை என்று சிரிப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் உங்கள் எதிரி என்றால் மாதக் கட்டண விபிஎன் உங்களைக் காக்காது. உங்கள் எதிரி அவர்கள் இல்லை. உளவுத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அமெரிக்கா, பிரிட்டன் முதலான ஐந்து நாடுகளின் ‘ஐந்து கண்கள்’ கூட்டணிக்கு வெளியே இருக்கும் நாட்டு நிறுவனமாகப் பார்த்து வாங்கு என்று யூடியூபில் சொல்லப்படும் அறிவுரை எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. பதிவு இல்லாவிட்டால் எந்த நாடு கேட்டும் கொடுக்க எதுவும் இருக்காது. இருந்தால் எந்த நாட்டிலும் ஒரு நீதிமன்றம் இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், நோட்டீஸ் விஷயத்தைப் பெயர் மறைத்து எழுத மாட்டேன். வீடு இழக்கப் போகிறவர்கள் யார் என்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். மறைந்து எழுதுவதால் கிடைக்கும் பாதுகாப்பைவிட, எழுதியதில் பொய்யோ மிரட்டலோ இல்லாமல் இருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது. நோட்டீஸின் நகல், தேதி, கையெழுத்து, வேலை செய்த வருடங்களுக்கான சம்பளச் சீட்டு, இவற்றைப் போடுங்கள்; முதலாளியின் குடும்பத்தைப் பற்றிய வசையைப் போடாதீர்கள். போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞர் கண்ணில் காட்டுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது. பக்கத்துக்கு நிர்வாகிகளாக யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், விளையாட்டாகச் சேர்த்த தம்பி தங்கைகளை நீக்குங்கள், 114ஏ அவர்களையும் பிடிக்கும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டியதைப் பெரிய குழுவில் பேசாமல், சிக்னல் என்ற செயலியில் தானாக அழியும் செய்திகளாக வைத்துப் பேசுங்கள். கைப்பேசித் திரைக்கு விரல்ரேகையைவிட ஆறு இலக்கமோ அதற்கு மேலோ எண் பூட்டு மேல்.

விபிஎன் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைன் நிறுவனத்திடம் நீங்கள் போகும் இடங்களின் பட்டியல் சேராமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது, தடுக்கப்பட்ட செய்தித் தளத்தைப் படிக்கவும் உதவும், பஸ் நிலையத்து இலவச வைஃபையிலும் நிம்மதி. விளம்பரத்தில் பார்த்த அந்த 15 வெள்ளிச் சேவையை, அரசாங்கத்தாலும் முடியாது என்று எழுதியிருக்கும் ஒரே காரணத்துக்காகவே நான் தவிர்ப்பேன். யோக்கியமான நிறுவனம் அப்படி எழுதாது. புரோட்டான் விபிஎன்னுக்கு இலவசத் திட்டம் உண்டு, அதில் தொடங்கலாம். காசு கொடுப்பதானால் முல்வாட் மாதம் 5 யூரோ, பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை, உறையில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லும் தள்ளுபடிகளில் விழாதீர்கள். சர்வரை மலேசியாவுக்கு வெளியே வையுங்கள்; சிங்கப்பூர் வேகமாக இருக்கும். செயலியின் இணைப்பு முறைப் பட்டியலில் பிபிடிபி என்ற பழைய முறை இருந்தால் தொடாதீர்கள், வயர்கார்டு என்ற முறையை எடுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விபிஎன் பக்கத்துக்குப் போய், எப்போதும் இயங்கட்டும் என்பதையும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு என்பதையும் இரண்டையும் போடுங்கள். இல்லையென்றால் தோட்டத்து மழையில் லைன் விட்டுவிட்டு வரும்போதெல்லாம் கைப்பேசி சத்தமில்லாமல் நேர் வழியில் போய்விடும். அப்படிப் போட்டும்கூட ஆண்ட்ராய்டு சில சிறு சோதனைக் கேள்விகளை விபிஎன்னுக்கு வெளியே அனுப்புகிறது என்று 2022இல் முல்வாட் கண்டுபிடித்துச் சொன்னது, அதில் நீங்கள் போகும் தளங்களின் பெயர் இருப்பதில்லை. எல்லாம் போட்ட பிறகு டிஎன்எஸ் லீக் டெஸ்ட் என்று தேடி ஒரு சோதனை ஓட்டுங்கள். பட்டியலில் உங்கள் லைன் நிறுவனத்தின் பெயர் வந்தால் ஏதோ ஒரு பக்கம் ஒழுகுகிறது. முதலில் பார்க்க வேண்டியது, பிரவுசரிலோ கைப்பேசியிலோ நீங்கள் முன்பு கையால் எழுதி வைத்த டிஎன்எஸ் இன்னும் இருக்கிறதா என்று. அடுத்தது, உங்கள் விபிஎன் புதிய முகவரி முறையான ஐபிவி6ஐயும் சேர்த்து எடுத்துப் போகிறதா என்று.